சிறையின் பதிவேட்டை யார் சரிபார்ப்பது?

1971 செப்டம்பர் 13 அன்று காலை, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள அட்டிகா சிறைக்குள் ஆயுதப் படையினர் புகுந்தனர். நான்கு நாட்களாகக் கைதிகளின் பிடியில் இருந்த சிறை சில நிமிடத் துப்பாக்கிச் சூட்டில் மீட்கப்பட்டது. பணயமாகப் பிடித்துவைக்கப்பட்டிருந்த சிறை ஊழியர்களில் பலர் இறந்துகிடந்தனர். கைதிகள் அவர்களின் கழுத்தை அறுத்துக் கொன்றுவிட்டார்கள் என்று அதிகாரிகள் செய்தியாளர்களிடம் கூறினார்கள். நாளேடுகளும் அதை அப்படியே அச்சிட்டன. ஆனால் சடலங்கள் பிரேதப் பரிசோதனைக்காக மன்றோ மாவட்ட மருத்துவ ஆய்வாளர் ஜான் எட்லண்டிடம் போய்ச் சேர்ந்தன. அவர் சிறைத்துறையின் சம்பளம் வாங்குபவர் அல்லர். மறுநாளே அவர் அறிவித்தது இதுதான்: தம்மிடம் வந்த ஊழியர்கள் அனைவரும் குண்டு பாய்ந்தே இறந்திருக்கிறார்கள். கைதிகளிடம் துப்பாக்கியே இருக்கவில்லை. மாநில அரசு வேறு நிபுணர்களை வரவழைத்துச் சரிபார்த்தும் முடிவு மாறவில்லை. அந்தக் கலவரத்திலும் மீட்பு நடவடிக்கையிலுமாக மொத்தம் 43 பேர் இறந்தார்கள். அந்தச் சடலங்களைச் சிறை மருத்துவரே பரிசோதித்திருந்தால், அறுபட்ட கழுத்துகள்தான் வரலாறாக நிலைத்திருக்கும் என்று ஐயுற இடமிருக்கிறது.

சிறைக் கண்காணிப்பு ஏன் மற்ற நிறுவனங்களைக் கண்காணிப்பதிலிருந்து வேறுபடுகிறது என்பதை அட்டிகா காட்டுகிறது. மருத்துவமனையில் தவறு நடந்தால் நோயாளியின் உறவினர் பக்கத்தில் நின்று பார்க்கிறார். பள்ளியில் அடித்தால் பிள்ளை மாலையில் வீட்டுக்கு வந்து சொல்கிறது. சிறையிலோ, நடந்ததைப் பதிவேட்டில் எழுதுபவர், அந்தப் பதிவேட்டைப் பூட்டிவைப்பவர், சாட்சி சொல்லக்கூடியவரை எந்தக் கொட்டடியில் அடைப்பது என்று முடிவுசெய்பவர், இறந்தவரின் உடலை முதலில் தொடுபவர் ஆகிய அனைவரும் ஒரே துறையைச் சேர்ந்தவர்கள். அவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்று கேட்பதற்கு முன்பே இந்த ஏற்பாடு ஒரு சிக்கலை உண்டாக்கிவிடுகிறது: தன்னைப் பற்றிய செய்தியைத் தானே எழுதித் தானே சான்றளித்துக்கொள்ளும் இடமாகச் சிறை ஆகிறது. ஆகவே சுயேச்சையான கண்காணிப்பு என்று எந்த நாடு எதைக் காட்டினாலும், சிறைத்துறையின் கை படாத தகவல் அதன் வழியாக வெளியே வருகிறதா என்று பார்த்தால் போதும். அதன் உண்மை மதிப்பு பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இந்தச் சிக்கல் புதியதல்ல. 1773இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில், மாவட்டச் சிறைக்குப் பொறுப்பான ஷெரீஃபாகப் பதவியேற்ற ஜான் ஹோவர்ட், நீதிமன்றம் விடுவித்தவர்கள்கூட ஜெயிலருக்குக் கட்ட வேண்டிய கட்டணத்தைக் கட்ட முடியாமல் உள்ளேயே கிடப்பதைக் கண்டார். அதன் பிறகு ஊர் ஊராகச் சென்று சிறைகளைப் பார்த்து, அறையின் நீள அகலம், உணவின் அளவு, வசூலிக்கப்படும் கட்டணம் என எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு 1777இல் நூலாக வெளியிட்டார். 1835இல் பிரிட்டன் சட்டம் இயற்றி ஆய்வாளர்களை நியமித்தது. ஆனால் 1877ஆம் ஆண்டுச் சட்டம் சிறைகளை அரசின் நேரடிப் பொறுப்பில் கொண்டுவந்தபோது, ஆய்வாளர்களும் சிறை நிர்வாகத்தின் கீழேயே வந்து சேர்ந்தார்கள். நடத்துபவரும் சோதிப்பவரும் ஒருவரே என்ற அந்த நிலை மாறி, சிறைத்துறைக்கு வெளியே ஒரு தலைமை ஆய்வாளர் அமைப்பு அங்கே மீண்டும் உருவாக 1981 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நூறாண்டு காலம் ஆய்வு நடக்காமல் இல்லை. ஆய்வறிக்கைகள் எழுதப்பட்டன, கோப்புகள் நகர்ந்தன. துறைக்குத் தெரியாத எதுவும் அவற்றிலிருந்து வெளியே வருவதற்குத்தான் வழி இல்லை.

விதிகள் இருந்தால் போதாதா என்ற கேள்வி இங்கே எழும். கனடாவில் ஆஷ்லி ஸ்மித் என்ற இளம்பெண்ணுக்கு நேர்ந்தது அதற்கு விடையாகும். தபால்காரர் மீது காட்டு ஆப்பிள்களை எறிந்ததற்காக 15 வயதில் சிறார் காவலுக்குள் போனவர் அவர். உள்ளே நடந்த சம்பவங்களுக்காகத் தண்டனை மேல் தண்டனை சேர்ந்து, வயது வந்ததும் மத்திய சிறைக்கு மாற்றப்பட்டார். அங்கே ஓராண்டுக்கும் குறைவான காலத்தில் 17 முறை இடம் மாற்றப்பட்டார். ஏறத்தாழ முழுக் காலமும் தனிமையில் அடைக்கப்பட்டிருந்தார். தனிமைச் சிறைவாசம் 60 நாட்களைக் கடந்தால் மேல்மட்ட அதிகாரி ஒருவர் அதை மறுபரிசீலனை செய்தாக வேண்டும் என்று விதி இருந்தது. ஒவ்வொரு இடமாற்றமும் புதிய தொடக்கமாகக் கொள்ளப்பட்டதால், கணக்கு மறுபடி மறுபடி முதல் நாளுக்குத் திரும்பியது. காகிதத்தில் அவர் நீண்ட காலம் தனிமையில் இருக்கவே இல்லை. 2007 அக்டோபர் 19 அன்று, 19 வயதில், கழுத்தில் துணியை இறுக்கிக்கொண்டு அவர் மூச்சுத் திணறியபோது காவலர்கள் கதவுக்கு வெளியே நின்றிருந்தார்கள். மூச்சு இருக்கும்வரை உள்ளே போகக் கூடாது என்று அவர்களுக்கு உத்தரவு இருந்தது. அது காணொளியிலும் பதிவானது.

நாள்கணக்கு திரும்பத் திரும்ப மாற்றி எழுதப்பட்டதைக் கண்டறிந்து வெளியே சொன்னது, கனடாவின் சிறைத்துறைப் புலனாய்வாளர் அலுவலகம். 1971இல் கிங்ஸ்டன் சிறைக் கலவரம் நடந்ததை அடுத்து 1973இல் உருவாக்கப்பட்ட இந்த அலுவலகம் சிறைத்துறையின் பகுதி அல்ல. கைதிகளின் புகார்களை நேரடியாகப் பெறும். ஆவணங்களைக் கேட்டு வாங்கும். ஒவ்வொரு சிறையும் தன் பதிவேட்டைத் தனித்தனியாக வைத்திருந்தது. எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி ஒரே ஆளின் கதையாகப் படித்துப் பார்க்க வெளியாள் ஒருவர் தேவைப்பட்டார். 2013இல் மரண விசாரணை நடுவர் குழு இதை மற்றவர்களால் நேர்ந்த மரணம் என்று அறிவித்து 104 பரிந்துரைகளை அளித்தது.

நல்ல ஆய்வாளர்கள் சிறைக்குள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பதை வெளியே இருப்பவர்கள் அதிகம் அறிவதில்லை. சுத்தமாகக் கழுவிவிட்ட தாழ்வாரத்தில் நடந்து, சமையலறையில் ஒரு கரண்டி ருசி பார்த்து, பார்வையாளர் புத்தகத்தில் திருப்தி என்று எழுதிவிட்டு வருவது எல்லா நாடுகளுக்கும் பொதுவான சடங்கு. அனுபவமுள்ள ஆய்வாளர் முன்னறிவிப்பின்றி வருகிறார். வார இறுதியிலோ இரவிலோ வந்தால் ஆள்பற்றாக்குறை கண்ணுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். கொட்டடியின் அழைப்பு மணியை அழுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐந்து நிமிடத்துக்குள் யாராவது வர வேண்டும் என்பது இங்கிலாந்து ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு. பலப்பிரயோகம் பற்றி ஐந்து காவலர்கள் எழுதிய ஐந்து அறிக்கைகளிலும் அதே சொற்றொடர் அதே வரிசையில் வருகிறதா என்று பார்க்கிறார். காயங்களைப் பதியும் மருத்துவக் குறிப்பேட்டைப் பலப்பிரயோகப் பதிவேட்டோடு ஒப்பிடுகிறார்: கை எலும்பு முறிந்ததாக ஒன்றில் இருந்து, அந்த நாளில் எதுவும் நடக்கவில்லை என்று மற்றொன்றில் இருந்தால், கேள்வி தானாகப் பிறக்கிறது. தனிமை அறைக்குப் பகல் முழுவதும் மணிக்கொரு முறை சென்று பார்த்ததாகக் கையொப்பம் இருக்கிறது. அந்த நேரங்களில் கையொப்பமிட்டவர் பணியில் இருந்தாரா என்பது வேலைநேரப் பட்டியலில் இருக்கிறது. பெரும்பாலும் பொய் தனியாக ஒரு காகிதத்தில் பிடிபடுவதில்லை. இரண்டு காகிதங்களுக்கு நடுவில் பிடிபடுகிறது.

காகிதத்துக்கு அடுத்தது ஆள். காவலர் காதில் விழாத தூரத்தில், தான் தேர்ந்தெடுத்த கைதியுடன் தனியாகப் பேசும் உரிமை இல்லாத ஆய்வு வெறும் சுற்றுலா என்பதே என் கருத்து. 2002 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்று, 2006 ஜூனில் நடைமுறைக்கு வந்த சித்திரவதைத் தடுப்பு உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறை இதைச் சட்டக் கடமையாக்கியது. அதை ஏற்கும் நாடு, தடுத்து வைக்கும் எல்லா இடங்களுக்கும் செல்லும் உரிமை, எந்த இடத்தைப் பார்ப்பது யாருடன் பேசுவது என்று தானே முடிவுசெய்யும் உரிமை, தனிப்பட்ட உரையாடல் உரிமை ஆகியவற்றைக் கொண்ட ஒரு தேசியத் தடுப்பு அமைப்பை உருவாக்க வேண்டும், ஐ.நா.வின் 25 பேர் கொண்ட துணைக்குழுவும் நேரில் வந்து பார்க்கலாம். அந்த நெறிமுறையின் 21ஆவது பிரிவு, ஆய்வாளரிடம் பேசியதற்காக எவரும் தண்டிக்கப்படக் கூடாது என்கிறது.

எழுதுவதற்கு எளிதான பிரிவு அது. காப்பாற்றுவதற்கு மிகக் கடினமான பிரிவும் அதுவே. பழிவாங்கல் அடி உதையாக வர வேண்டியதில்லை. குடும்பத்தார் வந்து பார்க்க முடியாத தொலைவிலுள்ள சிறைக்கு மாற்றம், நல்ல வேலையிலிருந்து நீக்கம், நன்னடத்தைக் குறிப்பில் ஒரு வரி, எதிரிகள் இருக்கும் பிரிவில் ஒரு படுக்கை என ஒவ்வொன்றுக்கும் நிர்வாகக் காரணம் ஒன்று தயாராக இருக்கும். இதனால்தான் தேர்ந்த ஆய்வுக் குழுக்கள் ஓரிருவரை மட்டும் அழைத்துப் பேசாமல் ஒரு பிரிவிலுள்ள அனைவரையும் சந்திக்கின்றன, பெயரில்லாத வினாத்தாள்களைப் பரவலாகக் கொடுக்கின்றன. யார் சொன்னார் என்று நிர்வாகத்தால் ஊகிக்க முடியாது. செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு சந்தித்த கைதிகளின் பெயரைப் பதிந்துகொண்டு, திரும்ப வந்து அதே ஆளைப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்கும் இதுதான் காரணம்.

ஆய்வாளர் வருடத்தில் சில நாட்கள்தான் வருவார். மீதி நாட்களுக்குக் கைதிக்கு இருப்பது மனு. அந்த மனு யார் கையில் போய்ச் சேருகிறது என்பதைப் பொறுத்து எல்லாம் மாறிவிடும். அமெரிக்காவில் 1996இல் வந்த சிறை வழக்குச் சீர்திருத்தச் சட்டம், கூட்டாட்சி நீதிமன்றத்தை அணுகுவதற்கு முன் சிறைக்குள் இருக்கும் குறைதீர்ப்பு வழிகளையெல்லாம் கைதி முடித்திருக்க வேண்டும் என்றது. கலிஃபோர்னியாவில் அப்போது அதற்கு 15 வேலை நாட்கள்தான் கெடு இருந்தது. கெடு தவறினால் வழக்கே போய்விடும் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. யாருக்கு எதிராகப் புகாரோ அந்தத் துறையே படிவத்தைக் கொடுக்கிறது, கெடுவை நிர்ணயிக்கிறது, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடுகிறது.

இதற்கு நேர் எதிரான ஓர் எளிய ஏற்பாட்டை இந்திய உச்ச நீதிமன்றம் 1979 டிசம்பரில் சுனில் பத்ரா வழக்கில் வகுத்தது. திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த பத்ரா, பணம் கேட்டுச் சக கைதி ஒருவரைச் சிறை ஊழியர் கொடூரமாகத் துன்புறுத்தியது பற்றி நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக ஏற்றது. தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ண ஐயர் சொன்ன கட்டளைகளுள் ஒன்று புகார்ப் பெட்டி. எல்லா அலுவலகத்திலும் தொங்கும் பெட்டி அல்ல அது. மாவட்ட ஆட்சியர், அமர்வு நீதிபதி ஆகியோரின் ஆணைப்படி வைக்கப்பட்டுத் திறக்கப்பட வேண்டிய பெட்டி. சாவி சிறைக்கு வெளியே இருக்கிறது. இந்தக் கட்டளை எல்லா இடங்களிலும் உயிரோடு இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆயினும் சிறைக் கண்காணிப்பின் தத்துவத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் பொருளாக்கிக் காட்டியதில்லை.

கண்காணிப்பு அமைப்புகள் பல இருந்தும் பயனில்லாமல் போவதற்கு, வெவ்வேறு வேலைகளை ஒருவர் தலையிலேயே கட்டுவது ஒரு காரணம். ஆய்வாளர் முழுச் சிறையையும் பார்த்து, இப்படியே போனால் என்ன நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்கிறார். குறைதீர்ப்பாளர் ஒரு கைதியின் ஒரு புகாரில் நியாயம் இருக்கிறதா என்று பார்க்கிறார். குற்றப் புலனாய்வு யார் அடித்தார் என்று தேடுகிறது. இவற்றில் எதுவும் மற்றொன்றுக்கு மாற்றாகாது. கண்காணிப்பவர் கையில் தண்டிக்கும் அதிகாரம் இருப்பதோ எல்லாவற்றையும் கெடுத்துவிடும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒவ்வொரு சிறைக்கும் ஊர்ப் பிரமுகர்களைக் கொண்ட பார்வையாளர் வாரியம் இருந்தது. கைதிகளின் குறைகளைக் கேட்பதும், ஒழுங்கு மீறிய கைதிகளின் சிறைவாசத்தை நீட்டிப்பதும் அந்த ஒரே வாரியத்தின் வேலைகளாக இருந்தன. திங்களன்று தண்டித்தவரிடம் செவ்வாயன்று யார் குறை சொல்வார்? 1990 ஏப்ரலில் மான்செஸ்டரின் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் சிறையில் 25 நாட்கள் நீடித்த கலவரத்தை விசாரித்த நீதிபதி வுல்ஃப் இந்த இரட்டை வேடத்தைக் கைவிடச் சொன்னார். 1992இல் தண்டிக்கும் அதிகாரம் வாரியங்களிடமிருந்து எடுக்கப்பட்டது. தனிப் புகார்களுக்கான குறைதீர்ப்பாளர் பதவி 1994இல் வந்தது.

அடுத்தது பணம். தென்னாப்பிரிக்காவில் 1998ஆம் ஆண்டுச் சட்டம் நீதித்துறைசார் சிறை ஆய்வகம் ஒன்றை உருவாக்கியது. ஓய்வுபெற்ற அல்லது பதவியிலுள்ள நீதிபதி அதன் தலைவர். பெயரில் நீதித்துறை இருந்தாலும், ஆய்வகத்தின் செலவு முழுவதையும் சிறைத்துறையே ஏற்கும் என்று அதே சட்டம் கூறியது. யாரை ஆராய வேண்டுமோ அவரிடமே வண்டிக்கும் ஆளுக்கும் பணம் கேட்டு நிற்கும் அமைப்பு போதிய சுதந்திரம் உடையதல்ல என்று 2020 டிசம்பரில் அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஒன்றரை ஆண்டுக்குள், தனியார் நிறுவனம் நடத்திய மாங்கவுங் சிறையில், கொலைக்கும் பாலியல் வன்முறைக்கும் தண்டனை பெற்ற தாபோ பெஸ்டர் 2022 மே 3 அன்று தன் அறையில் தீயில் எரிந்து இறந்ததாக அறிவிக்கப்பட்டது. கருகிய உடல் வேறொருவருடையது. கைதி வெளியே நடமாடிக்கொண்டிருந்தார். 2023 ஏப்ரலில் தான்சானியாவில் பிடிபட்டார். சிறைக்குள் நேரும் ஒவ்வொரு மரணத்தையும் வெளி அதிகாரி ஒருவர் உடனடியாக விசாரிக்க வேண்டும் என்ற, கைதிகளை நடத்துவதற்கான ஐ.நா.வின் குறைந்தபட்ச விதிகளான நெல்சன் மண்டேலா விதிகளின் 71ஆவது விதி இறந்தவரின் நன்மைக்காக மட்டும் எழுதப்பட்டதல்ல என்பதை இந்த வழக்கைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது. 2015 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற அந்த 122 விதிகளில், 83 முதல் 85 வரையிலானவை உள்துறை ஆய்வும் சுயேச்சையான வெளி ஆய்வும் இரண்டுமே வேண்டும் என்கின்றன.

உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாட்டிலும் கதவு திறக்காமல் போகலாம். ஆஸ்திரேலியா விருப்ப நெறிமுறையை 2017இல் ஏற்றது. 2022 அக்டோபரில் ஐ.நா. துணைக்குழு அங்கே சென்றபோது நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சிறைகளுக்குள் அதை அனுமதிக்கவில்லை. குழு பயணத்தை இடைநிறுத்தியது, 2023 பிப்ரவரியில் முற்றாக ரத்து செய்தது. ஒப்புக்கொண்டது மத்திய அரசு, சாவி வைத்திருப்பது மாநில அரசு. கூட்டாட்சி நாடுகள் எல்லாவற்றுக்கும் இந்தத் தொல்லை உண்டு.

உள்ளே போய்ப் பார்த்ததை வெளியே சொல்ல வேண்டுமா என்பதில் இத்துறையில் உண்மையான கருத்து வேறுபாடு இருக்கிறது. செஞ்சிலுவைக் குழு தான் கண்டதை அரசிடம் மட்டுமே சொல்கிறது. அந்த இரகசியத்தை விலையாகக் கொடுத்துத்தான் போர்க்காலச் சிறைகளுக்குள்ளும் அதனால் நுழைய முடிகிறது. அதே முறையை அமைதிக்காலச் சிறைகளுக்கும் கொண்டுவரலாம் என்று 1970களில் முன்மொழிந்தவர் சுவிட்சர்லாந்தின் ழான் ழாக் கோத்தியே. அதிலிருந்து பிறந்த ஐரோப்பியச் சித்திரவதைத் தடுப்புக் குழு, 1987ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, நாட்டின் சம்மதம் இல்லாமல் அறிக்கையை வெளியிட முடியாது. ஒத்துழைக்க மறுக்கும் நாட்டைப் பற்றிப் பகிரங்க அறிக்கை விடும் அதிகாரம் மட்டும் அதற்கு உண்டு. 1992இல் துருக்கியைப் பற்றி முதல்முறையாக அதைப் பயன்படுத்தியது. இந்த அணுகுமுறைக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் அது கதவு அடைந்திருக்கும் இடத்துக்கான நியாயம். நாடாளுமன்றமும் நாளேடுகளும் இயங்கும் நாட்டில் உள்நாட்டு ஆய்வாளரின் அறிக்கையைப் பூட்டிவைப்பதற்கு அதை ஆதாரமாகக் காட்டுவது பொருந்தாது. ஆளின் பெயரை மறைக்கலாம். சிறையின் பெயரை மறைக்கத் தேவையில்லை.

சிறை ஊழியர்கள் இந்த ஏற்பாடுகளைச் சந்தேகத்தோடு பார்ப்பது புரிந்துகொள்ளக்கூடியதே. இருநூறு பேர் இருக்க வேண்டிய பிரிவில் நானூறு பேரை வைத்துக்கொண்டு இரவுப் பணி பார்ப்பவர், கோப்போடு வந்து குறை சொல்லிவிட்டுப் போகும் ஆளை விரும்ப மாட்டார். அவருடைய கோபத்தில் உண்மையும் இருக்கிறது: பல அறிக்கைகள் கீழ்நிலைக் காவலரின் தவற்றோடு நின்று, ஆள் கொடுக்காத அமைச்சகத்தைத் தொடுவதில்லை. ஆனால் ஆள்பற்றாக்குறையையும் நெரிசலையும் காவலரே வெளியில் சொன்னால் அவர் மீது நடவடிக்கை பாயும். ஆய்வாளர் சொன்னால் அது அரசாங்க ஆவணம் ஆகிவிடும். நல்ல சிறை அதிகாரிகள் இதை அறிவார்கள். தமக்குக் கிடைக்காத நிதியை வாங்கித் தருவதற்கு மோசமான ஓர் ஆய்வறிக்கையைப் போல உதவக்கூடியது வேறில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

அறிக்கை வந்த பிறகு யார் பதில் சொல்வது? உலகின் பெரும்பாலான கண்காணிப்பு அமைப்புகளுக்குப் பரிந்துரைக்க மட்டுமே அதிகாரம் உண்டு, உத்தரவிட முடியாது. கனடாவின் புலனாய்வாளர் பல ஆண்டுகளாகத் தனிமைச் சிறைவாசம் பற்றி எழுதினார். துறை ஒவ்வோர் ஆண்டும் கவனத்தில் கொண்டது. உத்தரவிடும் அதிகாரம் கொடுத்தால் ஆய்வாளரே நிர்வாகி ஆகிவிடுவார், பிறகு அவரை யார் ஆராய்வது என்ற மறுப்பு சரியானதுதான். இங்கிலாந்து 2017 நவம்பரில் கண்டுபிடித்தது இடைப்பட்ட ஒரு வழி. சிறை ஒன்றின் நிலை மிக மோசமாக இருந்தால் தலைமை ஆய்வாளர் நீதி அமைச்சருக்கு அவசர அறிவிக்கை அனுப்பலாம். அது அன்றே பகிரங்கமாகும். 28 நாட்களுக்குள் என்ன செய்யப்போகிறார் என்று அமைச்சர் பகிரங்கமாகப் பதில் எழுத வேண்டும். 2018 ஜனவரியில் நாட்டிங்ஹாம் சிறைக்காக முதல் அறிவிக்கை சென்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் பர்மிங்ஹாம் சிறை பற்றிய அறிவிக்கை வந்தபோது, அதை நடத்திவந்த தனியார் நிறுவனத்திடமிருந்து அரசு சிறையைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

ஆனால் அமைச்சரின் பதில் கடிதமும் ஒரு காகிதம்தான். அதில் சொன்னது நடந்ததா என்பதை மறுபடி சிறைத்துறையிடமே கேட்டால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவோம். அதனால் 2019 முதல் அந்த ஆய்வாளர்கள் மோசமான சிறைகளுக்குச் சில மாதங்கள் கழித்து மீண்டும் சென்று, முந்தைய ஆய்வில் சுட்டப்பட்ட குறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எதில் முன்னேற்றம் உண்டு, எதில் இல்லை என்று தரம் பிரித்துத் தனி அறிக்கையாக வெளியிடுகிறார்கள்.